உடைஞ்ச கேனப்பியை குப்பையில போட்டுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில இருந்து உங்க பேப்பரை தினமும் நெட்ல படிக்கிறவன் நான். போன வாரம் ஒரு காலேஜ் வளாகத்துல பழைய கிளைடர் (இன்ஜின் இல்லாம பறக்கற விமானம்) ஒண்ணு வெயில்ல நிக்கிற படம் போட்டிருந்தீங்க, அதுல பைலட் தலைக்கு மேல வர்ற கண்ணாடி மூடி, கேனப்பின்னு சொல்லுவோம், அது பாதி உடைஞ்சு துண்டு துண்டா சீட்லயே கிடந்துச்சு, பார்த்ததும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

நான் இருக்கறது ஃபுல்டா பக்கம். பக்கத்துல வாஸர்குப்பே மலை, அடிவாரத்துல போப்பன்ஹௌஸன்ல 1927ல ஆரம்பிச்ச ஷ்லைஷர் கம்பெனி இன்னிக்கும் கிளைடர் செஞ்சிட்டிருக்கு. அவங்களோட கா 6 ஒண்ணு எங்க கிளப்ல இருக்கு. ருடால்ஃப் கைஸர் டிசைன் பண்ணி 1955ல முதல்ல பறந்த மாடல், மரமும் துணியும்தான், ஹைன்ஸ் ஹூத் 1960லயும் 1963லயும் உலக சாம்பியன் ஆனது இதுலதான்.

போன வருஷம் ஏப்ரல்ல கேனப்பியைத் திறந்து வெச்சிட்டு பெல்ட்டை சரி பண்ணிட்டிருந்தேன், திடீர்னு ஒரு காத்து, அறைஞ்சு சாத்துன மாதிரி மூடிடுச்சு, டப்புன்னு ஒரு சத்தம், முன்பக்கம் நாலு துண்டு. அந்த சத்தம் இன்னும் காதுலயே நிக்குது. அதைவிட பெரிய தப்பு அடுத்த நாள் நடந்துச்சு. கிளைடர் நிறுத்தற ஹேங்கர் கொட்டகையைக் கூட்டுனவங்க இனி எதுக்கு ஆகும்னு அந்தத் துண்டுகளை எல்லாம் அள்ளி குப்பையில போட்டுட்டாங்க.

புதுசு வாங்கிக்கலாம்னு நினைச்சா, கேனப்பி செய்யறவர் கேட்ட முதல் கேள்வியே பழசு எங்கன்னுதான். ஏன்னா அந்தக் காலத்து கிளைடர் கையால செஞ்சது, அறுபது வருஷத்துல மரம் கொஞ்சம் அசைஞ்சிருக்கும், நடுவுல ரிப்பேர் வேற பார்த்திருப்பாங்க, டிராயிங்ல இருக்கற அளவுக்கு செஞ்சா விளிம்புல ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். பழைய துண்டுகளை டேப் போட்டு ஒட்டினாலே போதும், அதை வெச்சு பிளாஸ்டர்ல அச்சு எடுத்துடுவாங்க. எங்ககிட்ட துண்டே இல்ல. கடைசியில வேற கிளப்காரங்க அவங்க கா 6 கேனப்பியைக் கழட்டிக் குடுத்தாங்க, கம்பளியில சுத்தி மடியில குழந்தை மாதிரி வெச்சு எடுத்துட்டு வந்தோம், அவங்களுக்கு என்னிக்கும் நன்றி சொல்லணும்.

செய்யற வேலை பார்க்கவே அழகு. கேனப்பி நிஜக் கண்ணாடி இல்ல, அக்ரிலிக்னு ஒரு பிளாஸ்டிக், அந்த ஷீட்டை சூட்டு அடுப்புல 150, 160 டிகிரிக்கு சூடு பண்ணா தோல் மாதிரி தொளதொளன்னு ஆயிடும், உடனே ஃபிரேம்ல இறுக்கிப் பிடிச்சு அடியில காத்து விட்டா பூரி மாதிரி உப்பி வரும், பார்வை போற இடத்துல அச்சு படாததால கண்ணாடி தெளிவா இருக்கும். ஆனா பொருத்தறதுதான் உயிர் போற வேலை. சுத்தி மிச்சம் விட்டு வாங்கி கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு உக்கார வைக்கணும். சாதாரண டிரில் பிட் போட்டா கடிச்சு இழுத்து விரிசல் விட்டுடும், முனையோட கூர்மையை மழுக்கிக்கணும். அக்ரிலிக் சூட்டுக்கு அலுமினியத்தைவிட மூணு மடங்கு விரியும், அதனால ஸ்க்ரூவைவிட ஓட்டை பெருசா இருக்கணும், குளிர்ல ஓட்டையே போடக்கூடாது. எங்களுக்கு மூணு சனிக்கிழமை ஆச்சு.

நம்ம ஊர்ல பழைய கிளைடர் வெச்சிருக்கற காலேஜ்காரங்க, மியூசியம்காரங்க தயவு செஞ்சு இதைப் படிக்கணும். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் போட்டு கேனப்பியைத் துடைக்காதீங்க, உள்ளுக்குள்ள சிலந்தி வலை மாதிரி கீறல் விழுந்துடும், தண்ணியும் சுத்தமான பருத்தித் துணியும் போதும். சின்ன விரிசல்னா அது முடியற இடத்துல ஒரு சின்ன ஓட்டை போட்டா மேல ஓடாது. வெயில்ல நிறுத்துனா வெள்ளைத் துணி போட்டு மூடுங்க, வளைஞ்ச கண்ணாடி லென்ஸ் மாதிரி வெயிலைக் குவிச்சு சீட்டையே பொசுக்கிடும்.

படத்துல பார்த்த அந்தத் துண்டுகளை யாராவது இன்னிக்கே எடுத்து, துணியில சுத்தி, கிளைடர் மாடல் பேரையும் நம்பரையும் எழுதி ஒரு பெட்டியில போட்டு வெச்சா ரொம்ப சந்தோஷப்படுவேன். ஸ்க்ரூ, கொக்கி, கீல் எல்லாத்தையும் அதே பெட்டியில போடுங்க, அதெல்லாம் இப்ப கடையில கிடைக்காது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
ஃபுல்டா, ஜெர்மனி