லேபிளைப் படியுங்கள், அப்புறம் விலையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைப் பக்கத்துப் பந்தயத் தடங்களிலும் நடக்கும் டிராக் டே (சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) பற்றியும், ஊருக்கு ஊர் முளைக்கும் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டித் திடல்கள் பற்றியும் நம் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை சிசி, எத்தனை சுற்று, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஹெல்மெட் என்று வந்தால் மட்டும் ‘தரமான ஹெல்மெட் அவசியம்’ என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். முதன்முறை தடத்துக்குப் போகிற கல்லூரிப் பையனுக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. அவன் கடைக்குப் போய் ‘ரேஸிங் ஹெல்மெட்’ என்று கேட்பான். பின்னால் துடுப்பு வைத்து, கார்பன் மாதிரிக் கோடு போட்ட ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். விலை கூடுதலாக இருந்தால் பாதுகாப்பும் கூடுதல் என்று நம்பி வாங்கிவிடுவான். அந்தக் காசில் பாதிக்கே அவன் தலைக்குச் சரியான ஹெல்மெட் கிடைத்திருக்கும்.

எந்த வண்டிக்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பைக்கில் விழுகிறவர் தரையில் உருண்டு போகிறார். கார்ட்டிலும் கிட்டத்தட்ட அதே கதைதான்: பெல்ட் கிடையாது, கூரை கிடையாது, கவிழ்ந்தால் ஆள் வெளியே வந்துவிடுவார். அதனால் நல்ல பைக் ஹெல்மெட்டை கார்ட்டுக்கும் தயங்காமல் பயன்படுத்தலாம். இரும்புக் கூண்டு போட்ட பந்தயக் கார் வேறு. அங்கே பெல்ட் உடலைக் கட்டி வைத்திருக்கும். தலை மட்டும் ஆடி, ஒரே குழாயில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடிக்கும். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்காவின் ஸ்நெல் அறக்கட்டளை இதனால்தான் மூன்று தனித் தரங்கள் வைத்திருக்கிறது. காருக்கு எஸ்ஏ, பைக்குக்கு எம், கார்ட்டுக்கு கே. தீச்சோதனை எஸ்ஏ-வுக்கு மட்டும் உண்டு. இரும்புக் குழாயில் பலமுறை மோதும் சோதனை எஸ்ஏ-வுக்கும் கே-வுக்கும் உண்டு, எம்-முக்கு இல்லை. பக்கவாட்டில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற விதி எம்-முக்குக் கடுமையானது. மற்ற இரண்டிலும் கண்திறப்பு குறுகலாக இருக்கலாம். ஆகவே, பைக் ஓட்டுகிறவர் ‘எஸ்ஏ தான் உயர்ந்தது’ என்று பல மடங்கு விலை கொடுத்து வாங்குவது வீண் செலவு. அதைச் சாலையில் போட்டுக்கொண்டு போனால் பக்கத்தில் வரும் வண்டிகூடச் சரியாகத் தெரியாமல் போகலாம். கார் ஓட்டப் போகிறவர் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கழுத்துக் காப்புக் கருவி மாட்டுவதற்கான துளையும் ஆணியும் கம்பெனியிலேயே போட்டு வந்த எஸ்ஏ ஹெல்மெட்டைத்தான் வாங்க வேண்டும். வீட்டில் டிரில் போட்டுத் துளைத்தால் அந்த ஹெல்மெட் அத்தோடு போயிற்று.

இனி பைக்குக்கும் கார்ட்டுக்கும் மட்டும் எழுதுகிறேன். கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

தடத்துக்குக் குறைந்தபட்சம் பார்க்க வேண்டியது ஐரோப்பிய ஈசிஇ 22.06 முத்திரை. பழைய 22.05-இல் மோதல் சோதனைக்கு நொடிக்கு 7.5 மீட்டர் என்ற வேகம் இருந்தது. 22.06-இல் 6 மீட்டர், 8.2 மீட்டர் என்று கீழும் மேலும் இரண்டு வேகங்களைச் சேர்த்தார்கள். குறைந்த வேகச் சோதனை எதற்கு என்று தோன்றலாம். பெரிய அடியைத் தாங்குவதற்காக ஹெல்மெட்டின் தெர்மாகோல் உள்ளடையைக் கெட்டியாகச் செய்துவிட்டால், சின்ன அடியில் அது நசுங்காமல் அதிர்ச்சி நேராக மண்டைக்குப் போய்விடும். இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. சாய்வான பரப்பில் மோதும்போது தலை எவ்வளவு திருகப்படுகிறது என்பதையும் 22.06 அளக்கிறது. மூளைக்காயத்தில் அந்தத் திருகலுக்குப் பெரிய பங்கு உண்டு.

நொடிக்கு 7.5 மீட்டர் என்பது மணிக்கு 27 கிலோமீட்டர்தான், நாங்கள் 150-இல் போகிறோமே என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. தலை தரையில் விழும் வேகம் வேறு, வண்டி ஓடும் வேகம் வேறு. 7.5 மீட்டர் வேகம் என்றால் ஏறத்தாழ 2.9 மீட்டர் உயரத்திலிருந்து தலை விழுவதற்குச் சமம். பைக்கிலிருந்து விழும் தலை அதைவிடக் குறைந்த உயரத்திலிருந்துதான் தரைக்கு வருகிறது. மிச்ச வேகம் தடத்தில் சறுக்கித் தேய்ந்து போகும். ஆனால் இந்தக் கணக்கு சுவருக்கும் கம்பத்துக்கும் பொருந்தாது. தடத்தில் ஓரமாக மணலும் டயர் அடுக்கும் வைத்திருப்பது அதற்காகத்தான்.

முத்திரையை ஓட்டின் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தேடாதீர்கள். ஈசிஇ துண்டு தாடைப் பட்டையில் தைக்கப்பட்டிருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கிறது, 3 என்றால் இத்தாலி, 9 என்றால் ஸ்பெயின். அடுத்து வரும் நீண்ட எண் 06 என்று தொடங்கினால் 22.06, 05 என்று தொடங்கினால் பழையது. அதன் பிறகு சாய்கோடு போட்டு ‘பி’ (P) என்ற எழுத்து இருக்க வேண்டும்: தாடைப் பகுதியும் சோதனையில் தேறியது என்று பொருள். ‘என்பி’ (NP) என்றிருந்தால் தாடைக்குக் காப்பு இல்லை. ‘ஜே’ மட்டும் இருந்தால் அது முகம் திறந்த வகை. முன்பக்கத்தைத் தூக்கி மடக்கும் வகையில் ‘பி’யும் ‘ஜே’யும் சேர்ந்தே இருக்கலாம், ஆனாலும் டிராக் டே நடத்துகிறவர்கள் பலர் அந்த வகையை உள்ளே விடுவதில்லை. கார்ட்டில் முகம் ஸ்டீயரிங்கில் இடிப்பது சகஜம் என்பதால் அங்கேயும் முழுமுக ஹெல்மெட் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

‘டாட்’ ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அந்த அமெரிக்க முறையில் தயாரிப்பாளரே தன் பொருளுக்குச் சான்று கொடுத்துக்கொள்கிறார். நம் ஊரில் அந்த ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறது.

ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் அது இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை நம் நாட்டில் விற்கக் கூடாது. வீட்டிலிருந்து தடம் வரை சாலையில்தானே போக வேண்டும்? முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அதைத் தட்டினால் எந்தக் கம்பெனியின் உரிமம், அது நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. எஸ்எம்கே, ஆக்ஸர், எம்டி, எல்எஸ்2 போன்ற பெயர்களில் ஐஎஸ்ஐ, ஈசிஇ இரண்டும் உள்ள மாடல்கள் ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஒரே கம்பெனியின் எல்லா மாடலுக்கும் ஈசிஇ இருக்காது. பெயரைப் பார்க்காமல் பட்டையைப் பாருங்கள்.

காசு மிச்சப்படுத்தும் வழிகள் இருக்கின்றன. படம் போட்ட ஹெல்மெட்டைவிட அதே மாடலில் ஒற்றை நிறம் மலிவு. போன வருடத்துப் படத்தைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள். உள்ளே தயாரிப்புத் தேதியைப் பார்த்து, ஒரு வருடத்துக்குள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கார்பன் ஓடு எடையைச் சற்றுக் குறைக்கும், விலையை நிறையக் கூட்டும். அதே சான்று பெற்ற பாலிகார்பனேட் ஓடு 150, 200 கிராம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். கார்ட்டில் நீண்ட நேரம் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் எடை ஒரு பொருட்டு: வளைவில் 2 ஜி விசை வந்தால் 1.7 கிலோ ஹெல்மெட் கழுத்துக்கு 3.4 கிலோவாகப் பக்கவாட்டில் இழுக்கும்.

எதில் மிச்சம் பிடித்தாலும் பொருத்தத்தில் பிடிக்கக் கூடாது. கடைகளில் மிக மோசமாக நடப்பதும் இதுதான். ‘கொஞ்சம் ஃப்ரீயா இருக்கட்டும்’ என்று ஒரு சைஸ் பெரிதாகத் தருவார்கள்; வாங்குகிறவருக்கும் அது சுகமாக இருக்கும். தளர்ந்த ஹெல்மெட் வேகத்தில் மேலே தூக்கிக் கண்ணை மறைக்கும், அடி படும் நேரத்தில் சுழன்று இடம் மாறும்.

தையல்காரர் டேப்பை புருவத்துக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டரில், காதுக்கு மேலாக, பின்மண்டையின் மிகப் புடைத்த இடத்தைச் சுற்றி வையுங்கள். மூன்று முறை அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 57, 58 சென்டிமீட்டர் பெரும்பாலான கம்பெனிகளில் எம், 59, 60 என்றால் எல். ஆனால் அது தொடக்கம்தான். தலை நீள்வட்டமாக இருந்து ஹெல்மெட் உருண்டையாக இருந்தால் நெற்றியில் வலிக்கும், காதுக்கு மேலே இடைவெளி விழும். உருண்டைத் தலைக்கு நீள்வட்ட ஹெல்மெட் போட்டால் இரண்டு பொட்டிலும் வலிக்கும். அப்போது சைஸைக் கூட்டுவது தீர்வில்லை. வேறு மாடல் பாருங்கள்.

போட்டுக்கொண்டு பட்டையை இறுக்கி, கடையிலேயே பதினைந்து நிமிடம் உட்காருங்கள். கழற்றியதும் நெற்றியில் ஓர் இடத்தில் மட்டும் சிவந்த தடம் இருந்தால் அது உங்களுக்கானது இல்லை. கன்னம் நன்றாக அழுந்தி, பேசும்போது உட்கன்னம் பல்லில் படுவது புதிய ஹெல்மெட்டில் சரியே; சில மாதப் பயன்பாட்டில் பஞ்சு தணிந்துவிடும். மண்டையின் மேல்பக்கத்துத் தெர்மாகோல் தணியாது. அடுத்து, தாடைப் பகுதியைப் பிடித்து இடதும் வலதுமாகத் திருப்புங்கள். முகத் தோலும் கூடவே நகர வேண்டும், ஹெல்மெட் மட்டும் வழுக்கக் கூடாது. கடைசியாக, நண்பர் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, கழுத்துப் பக்க விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாக உருட்டி இழுக்கச் சொல்லுங்கள். பட்டை இறுகியிருந்தும் கழன்று வந்தால், எத்தனை நட்சத்திர ஹெல்மெட்டாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் அணியும் துணித் தலையுறை போட்டுத்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால், கண்ணாடி அணிகிறவர் என்றால், இத்தனையையும் அவற்றோடு சேர்த்தே செய்து பாருங்கள்.

தடத்தில் பொதுவாகக் கேட்பது இரட்டை டி வளையப் பட்டை. சொடுக்கும் பக்கிள் இருந்தால் முன்பதிவுக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டை முதலில் இரண்டு வளையங்களுக்குள்ளும் போய், திரும்பி வந்து ஒரு வளையத்துக்குள் மட்டும் நுழைய வேண்டும். இழுக்க இழுக்க இறுகினால் சரி. நுனியில் உள்ள அமுக்குப் பித்தான் தொங்கும் வாலைக் காற்றில் அடிக்காமல் பிடிப்பதற்கு மட்டுமே. வளையத்தை விட்டுவிட்டுப் பித்தானை மட்டும் அமுக்கிக்கொண்டு தடத்தில் இறங்குகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

பழைய ஹெல்மெட் வாங்கலாமா என்றால், வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்குவதன் மூலம்தான் அடியை வாங்கிக்கொள்கிறது, நசுங்கியது திரும்ப எழாது. மேலே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே செத்திருக்கலாம். வெறும் ஹெல்மெட் கை தவறி விழுந்தால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, உள்ளே தலையின் எடை இல்லாததால் தெர்மாகோல் பெரும்பாலும் தப்பிவிடும்; ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தலையோடு ஒரு முறை அடிபட்டால் மாற்றியே ஆக வேண்டும். அடியே படாவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறது ஸ்நெல். வியர்வை, தலை எண்ணெய், வெயிலில் நின்ற கார் டிக்கியின் சூடு எல்லாம் சேர்ந்து பசையையும் பஞ்சையும் அரித்துவிடும். பெட்ரோல் பட்ட துணி, தின்னர், ஸ்பிரே பெயின்ட் எதையும் பாலிகார்பனேட் ஓட்டில் படவிடாதீர்கள். வெளியே தெரியாமல் பலமிழக்கும். குளிக்கும் ஷாம்பூவும் தண்ணீரும் போதும்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘வளர்ற பையன், பெருசா வாங்கிடு’ என்று பள்ளிச் சீருடை வாங்குவதுபோல் ஹெல்மெட் வாங்கக் கூடாது. பெரியவர்களின் மிகச் சிறிய சைஸும் அவர்களுக்கு ஆகாது. அதன் எடையைத் தாங்கும் கழுத்து எட்டு வயதில் இல்லை. சிறுவர் கார்ட்டிங்குக்கு என்றே ஸ்நெல்லும் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வும் சேர்ந்து வகுத்த சிஎம்ஆர் 2016 தரம் இருக்கிறது. போட்டியில் இறங்கும் பிள்ளைக்கு அதுபோன்ற சிறுவர் தரம்தான் வேண்டும். அடுத்த வருடம் சைஸ் போதாமல் போனால் வேறு வாங்கத்தான் வேண்டும்.

வாடகைக் கார்ட் திடலில் தருகிற ஹெல்மெட்டை வாங்கியதும் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பஞ்சு பிய்ந்து தெர்மாகோல் தெரிந்தால், பட்டை நூல் பிரிந்திருந்தால், முகத்தை மறைக்கும் வைசர் மேலே நிற்காமல் விழுந்தால், வேறு கேளுங்கள். நீண்ட கூந்தலைத் தாழக் கட்டி, தலையுறைக்குள்ளும் சட்டைக் காலருக்குள்ளும் செருகாமல் உட்காரவே கூடாது. கார்ட்டின் பின் அச்சு முதுகுக்குப் பின்னால் திறந்தபடி சுழல்கிறது. 2018-இல் ஹரியானாவின் பிஞ்சோரில் ஒரு பெண்ணின் உயிர் கார்ட்டில் கூந்தல் சிக்கித்தான் போனது. தலையுறை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பருத்தித் துணி. அடுத்தவர் வியர்வையிலிருந்தும் அது காக்கும்.

டிராக் டே நடத்துகிறவர்களிடமும் கார்ட் திடல் உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். எந்தெந்த முத்திரை, எந்த வருடத் தரம் வரை, எந்த வகைப் பட்டை ஏற்கப்படும் என்பதைக் கட்டணம் வாங்கும் அறிவிப்பிலேயே போடுங்கள். காலை ஆறு மணிக்குச் சோதனை மேசையில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதில் யாருக்கும் லாபமில்லை. ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை டிராக் டே செய்தி வெளியிடும்போது சீறும் பைக் படத்தோடு, தாடைப் பட்டையில் தைத்த அந்தச் சின்ன ஈசிஇ துண்டின் படத்தையும் படிக்கும் அளவில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் பந்தய ஆர்வலர் ஒருவர்,
கோயம்புத்தூர்