கலராகா எதையும் கோட்டைவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் பேஸ்பால் சாதனைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் அணி கிளீவ்லேண்ட் இந்தியன்ஸ் அணியை 3-0 என வென்ற ஆட்டத்தைக் குறிப்பிட்டு, "கடைசி நேரத்தில் ஒரு ஹிட் கொடுத்துப் பெர்ஃபெக்ட் கேமைக் கோட்டைவிட்டார் அர்மாண்டோ கலராகா" என்று டைகர்ஸ் அணியின் பிட்சரை (பந்தெறிபவரை) பற்றி எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்த பின் வாளாவிருக்க என்னால் இயலவில்லை.

ஒன்பது இன்னிங்ஸில் பந்தடிக்க வரும் எதிரணியின் 27 பேரையும், ஒருவர்கூட பேஸை (பந்தை அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய இடத்தை) எட்டாதபடி வரிசையாக ஆட்டமிழக்கச் செய்வதே பெர்ஃபெக்ட் கேம் என்பது தாங்கள் அறியாததல்ல. அடித்த பந்தால் ஒருவர் பேஸை எட்டிவிட்டால் அது ஹிட். 26 பேர் வெளியேறிய பின் வந்த ஜேசன் டொனால்ட் அடித்த தரைப்பந்தை டைகர்ஸின் முதல் பேஸ் ஆட்டக்காரர் மிகெல் கப்ரேரா எடுத்து எறிய, முதல் பேஸுக்கு ஓடிவந்த கலராகா அதைப் பிடித்துப் பேஸை மிதித்தபோது டொனால்டின் கால் இன்னும் அங்கு வந்து சேரவில்லை. ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் (அவுட் இல்லை) என்று கைகளை விரித்தார். ஆட்டம் முடிந்து காட்சிப்பதிவைப் பார்த்ததும், தீர்ப்பு தவறென்று அவரே ஒப்புக்கொண்டு கலராகாவிடம் மன்னிப்புக் கேட்டார். நடுவரே ஏற்றுக்கொண்ட பிழையை ஆட்டக்காரரின் தலையில் சுமத்தத் தங்கள் கட்டுரையாளருக்கு எப்படி மனம் வந்தது?

அன்று நான் டெட்ராய்ட் நகரின் கொமெரிகா பார்க் அரங்கில் இருந்தேன். மோட்டார் தொழிலை நம்பி அவ்வூருக்குக் குடிபெயர்ந்தவன் நான். ஸ்கோர் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதே என் வழக்கம். நடுவரின் கைகள் அசைவதற்குள், முதல் பேஸ் ஆட்டக்காரர் பிட்சருக்கு எறிந்து அவுட் என்பதைக் குறிக்கும் 3-1 என்ற எண்களை எழுதி முடித்திருந்தேன். கலராகா நடுவரிடம் சீறவில்லை. சிரித்துவிட்டுத் திரும்பி வந்து, அடுத்த ஆட்டக்காரர் டிரெவர் குரோவை வெளியேற்றி ஆட்டத்தை முடித்தார். ஒன்பது இன்னிங்ஸ், 88 பந்துகள், தவறான நான்கு பந்துகளால் எவருக்கும் பேஸ் கொடுக்கவில்லை, ஒரு ரன்னும் இல்லை. இத்தனையையும் விட்டுவிட்டு, அவருக்குச் சொந்தமில்லாத அந்த ஒரு ஹிட்டை மட்டும் தங்கள் பத்திரிகை எடுத்துக்கொண்டது.

பதிவேட்டில் ஏறிய எண் மாறாது என்ற தொனியும் அக்கட்டுரையில் இருந்தது. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் அன்றைய ஆணையர் பட் செலிக் தீர்ப்பை மாற்றவில்லை என்பது உண்மைதான். ஆனால் 1959இல் 12 இன்னிங்ஸ் வரை ஒருவரையும் பேஸ் ஏறவிடாத ஹார்வி ஹாடிக்ஸின் பெயரை, 1991இல் விதியை மாற்றிப் பெர்ஃபெக்ட் கேம் பட்டியலிலிருந்து நீக்கியவர்கள் யார்? 2024இல் கறுப்பின ஆட்டக்காரர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களைச் சேர்த்து, பந்தடிச் சராசரிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த டை காபுக்கு மேலே ஜோஷ் கிப்ஸனை .372 சராசரியுடன் வைத்தவர்கள் யார்? இந்த இரண்டாவது செய்தி தங்கள் பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. அப்போதே கடிதம் எழுதினேன், பதில் இல்லை. பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் நடக்கும் நாட்களிலும் வென்ற அணியின் பெயரும் ரன் கணக்கும் மட்டுமே அச்சாகின்றன. பந்தெறிந்தவர் யார் என்பதுகூட இருப்பதில்லை. உள்ளூர் கிரிக்கெட் ஆட்டத்துக்கு உதிரி ஓட்டங்கள் வரை அச்சிடும் தங்களுக்கு இது இயலாத காரியமன்று என்பதால்தான் மனம் நோகிறது.

2010இல் ஹோம் ரன்களுக்கு மட்டுமே காட்சிப்பதிவு மறுஆய்வு இருந்தது. 2014இல் அது இத்தகைய தீர்ப்புகளுக்கும் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பந்தெறிந்திருந்தால் கலராகாவின் பெயர் பட்டியலில் இருந்திருக்கும்.

நான் வேண்டுவது இரண்டு வரித் திருத்தம் மட்டுமே: அந்த ஒரு ஹிட் நடுவரின் தவறான தீர்ப்பால் பதிவானது என்றும், அதை நடுவரே ஒப்புக்கொண்டார் என்றும் அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் வெளியிடுங்கள். இடம் போதாமல் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், என் அனுபவத்தை நீக்கிவிடலாம். ஜாய்ஸ் மன்னிப்புக் கேட்ட வரியை நீக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மிச்சிகன்