எவால்வ் பண்றதுல வர்ற குழப்பம்: நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்ங்க. போக்கிமான் கார்டு வாங்கிட்டுப் போறவங்க திரும்பி வந்து அதிகமா கேக்கறது எவால்வ் பத்திதான், அதான் ஒரே மடலா எழுதிடலாம்னு.

எவால்வ்னா ஒரு போக்கிமானை அதோட அடுத்த வளர்ச்சி நிலைக்கு ஏத்தறது. மொதல்ல, இது பழைய கார்டை எடுத்துட்டு புதுசு வைக்கறது இல்ல. மாடி கட்டற மாதிரி, கீழ இருக்கறது அப்படியே இருக்கும், மேல அடுத்த கார்டு. சார்மாண்டர் பேசிக் (அடிப்படி), அது மேல சார்மீலியன் ஸ்டேஜ் 1 (அடுத்த படி), அதுக்கும் மேல சாரிசார்ட் எக்ஸ் ஸ்டேஜ் 2. கார்டோட மேல் பக்கம் எதுல இருந்து எவால்வ் ஆகும்னு பேர் போட்டிருக்கும், அந்தப் பேர் எழுத்து மாறாம பொருந்தணும். எந்த செட்டு, என்ன படம்ங்கறது பிரச்சனையே இல்ல. ஆனா அலோலன் வல்பிக்ஸ் மேல சாதா நைன்டேல்ஸ் வைக்க முடியாது, அதுக்கு அலோலன் நைன்டேல்ஸ்தான் வேணும்.

சண்டை வர்ற இடம் டர்ன் (ஆடற முறை) கணக்கு. ஒவ்வொரு ஆளோட முதல் டர்ன்லயும் எவால்வ் கிடையாது, ரெண்டாவதா ஆடறவங்களுக்கும் இதேதான். இந்த டர்ன்ல எறக்கின போக்கிமானை இதே டர்ன்ல எவால்வ் பண்ண முடியாது, இப்பதான் எவால்வ் ஆனதையும் அதே டர்ன்ல இன்னொரு படி ஏத்த முடியாது. அப்போ ஆட்டம் ஆரம்பிக்கும்போதே வச்ச சார்மாண்டர்னாலும் ரெண்டாவது டர்ன்ல சார்மீலியன், மூணாவதுலதான் சாரிசார்ட். ரேர் கேண்டிங்கற உதவி கார்டு கையில இருந்தா நடுப்படியைத் தாண்டி ரெண்டாவது டர்ன்லயே சாரிசார்ட் வந்துடும், ஆனா அதுக்கும் மேல சொன்ன காத்திருப்பு உண்டு, இப்ப எறக்கின சார்மாண்டருக்கு கேண்டி குடுக்க முடியாது (இதைத்தான் நெறைய பேர் மறக்கறாங்க). மத்தபடி ஒரே டர்ன்ல பெஞ்ச்ல (பின்னாடி காத்திருக்கற வரிசை), ஆக்டிவ்ல (முன்னாடி சண்டை போடற இடம்) இருக்கற எத்தனை போக்கிமானை வேணும்னாலும் ஒவ்வொண்ணா ஏத்தலாம், ஒரே போக்கிமானை ரெண்டு தடவை ஏத்தக்கூடாது, அவ்ளோதான். ஒரு கார்டே இந்த விதியை மீறச் சொல்லி எழுதியிருந்தா கார்டு சொல்றதுதான் செல்லும்.

எது தங்கும் எது போகும்? டேமேஜும் (வாங்கின அடி) அட்டாக்குக்காக ஒட்டின எனர்ஜி கார்டும் தங்கும். விஷம், தூக்கம், தீக்காயம், குழப்பம், பக்கவாதம் எல்லாம் போயிடும், எதிராளியோட அட்டாக் போட்ட "இது ரிட்ரீட் ஆக முடியாது" (பெஞ்சுக்குப் பின்வாங்க முடியாது) மாதிரி எஃபெக்டும் போயிடும். கீழ் கார்டோட அட்டாக்கும் அபிலிட்டியும் (தனித் திறமை) இனிமே யூஸ் பண்ண முடியாது. 40 டேமேஜோட விஷம் ஏறி உக்காந்திருந்த சார்மாண்டரை ரேர் கேண்டி போட்டு 330 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) உள்ள சாரிசார்ட் எக்ஸா மாத்தினா விஷம் காலி, 40 அப்படியே, மிச்சம் 290. சில நேரம் விஷத்துல இருந்து தப்பிக்கவே எவால்வை கையில புடிச்சு வச்சிருப்பாங்க, அது நல்ல ஆட்டம்னுதான் நாங்க சொல்லுவோம்.

டிவால்வ் ஆனாலும் (மேல் கார்டு போய் கீழ்ப்படிக்கு எறங்கினாலும்) டேமேஜ் தங்கும், குறைஞ்ச ஹெச்பிக்கு அது அதிகமா இருந்தா அப்பவே நாக் அவுட், கவனம்.

ஸ்டேஜ் 2 டெக் (ஆடறதுக்கான கார்டு கட்டு) போடறவங்க நாலு சாரிசார்ட் கேட்டு சார்மாண்டர் ரெண்டு மட்டும் எடுத்துட்டுப் போறாங்க. எங்க யோசனை, அடியில இருக்கறதை அதிகமா வைங்க.