ஜெபமாலை கோத்துக் கொடுத்த அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும்

எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) இறந்து, ஏழாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. பந்தக்கால் பிடுங்கிய குழிகள் வாசலில் இன்னும் மூடப்படவில்லை. சாவும் அடக்கமுமான அந்த இரண்டு நாள் சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கத்தில் எல்லோரும் அறிந்ததுதான், திரும்ப எழுதவில்லை. அம்மாயிக்கு வயது 92. கல்யாணச் சாவு என்றார்கள். இருக்கட்டும்.

முதல் நன்றி தறியில் பாவு (நீளவாட்டு நூல்) பிணைக்கும் அண்ணனுக்கு. பேர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

குளிப்பாட்டிக் கிடத்தி, கைகளைச் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றும்போது நூல் அறுந்துவிட்டது. நடுராத்திரி. மணிகள் கட்டிலுக்கடியிலும் நடையிலும் உருண்டோடின. பொறுக்கி முறத்தில் போட்டு எண்ணினால் 58. ஜெபமாலைக்கு 59 மணி வேண்டும்: மங்கள வார்த்தை மந்திரத்துக்கு 53, பரலோக மந்திரத்துக்கு 6. சிறுமணி அத்தனையும் இருந்தன, பெருமணியில் ஒன்றைக் காணோம். வீட்டில் புது ஜெபமாலை நான்கைந்து கிடந்தன. அம்மாயி உருட்டி உருட்டிக் கறுத்துப்போன மரமணிகளை விட்டுவிட்டு வேறொன்றைச் சுற்ற யாருக்கும் கை வரவில்லை.

துக்கம் கேட்க வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து உள்ளே வந்தார். அவருக்கு ஜெபமாலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. முறத்தைப் பார்த்து, "பத்துக்கு ஒரு பெருசு, அப்படித்தானுங்களே?" என்று மட்டும் கேட்டார். பழைய பாவின் முனையோடு புதுப் பாவை 3,000 இழை, ஒன்று தவறாமல் பிணைக்கிற ஆளுக்கு 59 பெரிய கணக்கா?

அறுந்த இடத்தைத்தான் முதலில் பார்த்தார். பதக்கத்தின் வளையத்தில் நூல் உராய்கிற இடம் அது. மரமணிக்குள் நூல் அவ்வளவு சீக்கிரம் தேயாது. தகர வளையத்தின் விளிம்புதான் அரம்போல அறுக்கும். கை வியர்வையும் தேங்காயெண்ணெயும் ஏறிய நூல் அந்த இடத்தில் இற்றுப்போகும். நைலான் நரம்பு இருக்கிறது என்று யாரோ எடுத்து வந்ததற்கு வேண்டாம் என்றார். நைலான் வழுக்கும், முடிச்சு தானாக அவிழும். நுனியைச் சுட்டு உருக்கி வைத்தால் அந்தக் கட்டி விரலைக் குத்தும். தறிக்கூடத்துக்குப் போய் 40ஆம் நம்பர் பருத்தி நூல் எடுத்துவந்தார். பன்னிரண்டு இழையைச் சேர்த்து முறுக்கி, தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்தியில் உருகிய மெழுகை நீளத்துக்கும் தடவினார். நுனியைச் சாய்வாக வெட்டி இன்னொரு பூச்சுக் கொடுத்ததும் அதுவே ஊசி மாதிரி விறைத்துக்கொண்டது. விரல் வழுக்காமலிருக்க அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டார், பாவு பிணைக்கும்போது தொடுவது போலவே.

வட்டத்துக்கு ஒரு மீட்டர், சிலுவை தொங்கும் பகுதியின் ஐந்து மணிகளுக்கு அரை மீட்டர் என்று இரண்டு துண்டு. மணிகளை மட்டும் வரிசையாக வைத்தால் அரை மீட்டர்கூட வராது, ஆனால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு சென்டிமீட்டர் தின்னும், கடைசியில் கட்டக் கைக்கும் நூல் வேண்டும். ஒவ்வொரு பெருமணிக்கும் முன்னும் பின்னும் முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு பத்துக்குள்ளும் ஒரு மணியளவு இடம் விட்டார். நெருக்கிக் கோத்தால் மணி நகராது, இருட்டில் எண்ண முடியாது. மாலை விறைத்து நிற்கும், கையில் சுற்றினாலும் படியாது. வளையத்தடியில் நூலை இரட்டையாக ஓட்டினார். மிச்ச நுனியை வெட்டாமல் மூன்று மணிகளின் துளைக்குள் திருப்பிச் செலுத்தி உள்ளேயே முடிச்சுப் போட்டார். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சை ஒட்டி வெட்டினால் ஜெபமாலை சீக்கிரம் பிரிந்துவிடும்.

காணாமல்போன பெருமணிக்குப் பதிலாக நாலாம் பத்து முடிகிற இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சு வைத்தார். விரலுக்கு மணி போலவே தட்டியது. சாமியார் மந்திரித்த (ஆசீர்வதித்த) ஜெபமாலை ஆயிற்றே என்று சிலர் தயங்கியபோது, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தீர்த்துவைத்தார்: "ஒரு மணி மாறினா மந்திரிப்புப் போயிராதுங்க. அடியோட அழிஞ்சா, இல்ல வெலைக்கு வித்தாத்தான் போகும்."

விடியுமுன் மூன்று மணிக்கு ஜெபமாலை அம்மாயி கையில் ஏறியது. அண்ணன் ஒரு டீ குடித்தார், அவ்வளவுதான்.

அம்மாயியின் ஆயுசை எண்ண அந்த மாலையை விட நல்ல கணக்கு இல்லை. காலையில் ஒரு 53 மணி, விளக்கு வைத்ததும் ஒரு 53 மணி. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது, ஜெபங்களின் தமிழும் மாறியது. மங்கள வார்த்தை மந்திரத்தை எல்லோரும் "அருள் நிறைந்த மரியே" என்றபோது அவர் வாய் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்றுதான் தொடங்கும். பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு முன் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது என்பது பழைய ஒழுங்கு. 1953இல் தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள், 1957இல் மூன்று மணி நேரம் போதும் என்றார்கள், 1964இல் ஒரு மணி நேரமாயிற்று. அம்மாயி 1953லேயே நின்றுவிட்டார். தண்ணீர் மட்டும், அதுவும் மாத்திரைக்காக. 2002இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், ஜெபமாலையில் தியானிக்கிற தேவ இரகசியங்களோடு ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தைச் சேர்த்து வியாழக்கிழமைக்கு வைத்தார். 69 வயதில் அந்த ஐந்தையும் மனப்பாடம் செய்தார் அம்மாயி. அதுவரை வியாழனுக்கு இருந்த பழைய சந்தோஷ தேவ இரகசியங்களையும் விடவில்லை. வியாழனன்று இரண்டும் உண்டு. யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாதாம்.

இன்னும் பலருக்குக் கடன்பட்டிருக்கிறோம். எங்கள் வீதியின் தறிக்கூடங்கள் அன்று ராத்திரி சத்தமில்லாமல் இருந்தன. ஓடுகிற தறியை நிறுத்தி மறுபடி ஓட்டினால் நின்ற இடத்தில் துணியில் கோடு விழும், அந்த மீட்டருக்குக் கூலி பிடிப்பார்கள். அது தெரிந்தே நிறுத்தினீர்கள். மேலே செம்மண், கீழே சுக்கான் கல் என்று கடப்பாரை எகிறிய இடத்தில், அப்புச்சி (அம்மாயியின் கணவர்) குழியை மறுபடி திறந்து அவர் எலும்புகளைப் புதுத்துணியில் முடிந்து தலைமாட்டில் வைத்த தோழர்களுக்கு, ஏழு நாளும் சாயங்காலம் வந்து ஜெபம் சொன்ன அன்பியத்துப் (பங்கின் சிறு ஜெபக்குழு) பெண்களுக்கு, பங்குச் சாமியாருக்கு, கரண்ட் போனதும் குளிர்பெட்டிக்கு ஜெனரேட்டர் தள்ளிக்கொண்டு வந்த கடைவீதிப் பையன்களுக்கு, அடக்கத்துக்கு மறுநாள் சோறாக்கிப் போட்ட சம்பந்தி வீட்டாருக்கு, எல்லோருக்கும் நன்றி.

எங்கள் வீடுகளில் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். அக்டோபர் ஜெபமாலை மாதம் பிறக்கும் முன் வருஷா வருஷம் எல்லா ஜெபமாலையையும் வளையத்தடியில் பிடித்துப் பார்ப்பது, நூல் பஞ்சு பஞ்சாக இருந்தால் அறும்வரை காத்திராமல் மாற்றுவது. நூலுக்கு அண்ணனிடம்தான் வருவோம்.

அந்தப் பெருமணி மூன்றாம் நாள் வீடு கழுவும்போது கிடைத்தது, ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் இடுக்கில். அதைத் தீப்பெட்டியில் போட்டு மாதா சுரூபத்தடியில் வைத்திருக்கிறோம். முப்பதாம் நாள் பூசை காலை ஆறரைக்கு, சாப்பாடு மதியம் வீட்டில். அண்ணா, அன்றைக்குப் பிணைப்பு வேலை எதுவும் ஒத்துக்கொள்ளாமல் வந்துவிடுங்கள். தீப்பெட்டியை உங்கள் கையில் கொடுக்க வேண்டும்.