நட்டை இறுக்கினால் பெயாரிங் திருந்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

முன்சில்லு ஆடுகிறது என்று பழைய பிக்கப்பைக் கொண்டுபோனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல இடங்களில் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது. மூடியைக் கழற்றுவார்கள், நட்டைக் கால் சுற்று இறுக்குவார்கள், விரலால் கொஞ்சம் கிறீஸ் தடவி அனுப்பிவிடுவார்கள். ஆட்டம் நிற்கும், செலவும் இல்லை. ஆனால் சில்லு உராயாமல் சுழல உதவும் பெயாரிங்கில், இரு வளையங்களுக்கு நடுவே உருளும் றோலர் தேய்ந்தபின் அதை மேலும் இறுக்கினால் அது சூடேறித்தான் ஓடும். சூட்டில் கிறீஸ் இளகி வடியும், உள்வளையம் சில்லைத் தாங்கும் தண்டான ஸ்பின்டிலைக் கடித்துப் பிடிக்கும். அதன் பிறகு பெயாரிங்கோடு ஸ்பின்டிலையும் மாற்ற வேண்டிவரும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது; இன்னமும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த வண்டிகள்தான் மருதனார்மடத்துக்கு மரக்கறியும் மயிலிட்டிக்கு ஐஸும் ஏற்றுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பெயாரிங் கெடும்போது முதலில் காதுக்கு எட்டுவது ஒரு முனகல். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். கியரை நியூட்ரலில் விட்டு உருளவிட்டாலும் அது தொடர்ந்தால் எஞ்சினில் குறையில்லை. வெறிச்சோடிய நேர் வீதியில் ஸ்ரியறிங்கை மெல்ல வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடப்பக்கச் சில்லுகளில் விழும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்கத்தைப் பாருங்கள், குறைந்தால் வலப்பக்கத்தை. ரயர் இரைச்சல் வேறு மாதிரி: தார் வீதியிலிருந்து கிறவல் வீதிக்கு இறங்கியதும் அதன் குரலே மாறிவிடும். பின் அக்சிலின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியான டிபறன்சலின் சத்தமென்றால் எக்சிலேற்றரை மிதிக்கும்போது ஒன்றாகவும் விடும்போது வேறாகவும் கேட்கும்.

அடுத்து சில்லை ஜக்கில் உயர்த்துங்கள். மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, சேசிசுக்குக் கீழே ஸ்ராண்டும் கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிறேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் குறை பெயாரிங்கில். மறையாவிட்டால், சில்லு திரும்ப உதவும் மூட்டுகளான போல் ஜொயின்ரிலோ கிங்பின்னிலோ. இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் பெயாரிங்கை மாற்றிவிட்டு, ஆட்டம் போகவில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்கள் உண்டு. இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் அசைந்தால் அது ஸ்ரியறிங் றொட்டின் வேலை. கடைசியாக, ஒரு கையைச் சுருளிலோ வில்லிலோ வைத்துச் சில்லைச் சுற்றிவிடுங்கள். மணலை அரைப்பதுபோல விரலுக்குத் தெரிந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

கழற்றும்போது பிறேக் தட்டைக் கவ்வும் கலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும், ஹோஸில் தொங்கவிடக்கூடாது. நான்கு சில்லுக்கும் எஞ்சின் இழுவை போகும் (நான்கு சில்லு ஓட்ட) பழைய ஹைலக்ஸில், சில்லு பூட்டும் நடுக்குடமான ஹப்பின் நட்டுக்கு 54 மில்லிமீற்றர் சொக்கெற் தேவை. உளியும் சுத்தியலும் கொண்டு அடித்த நட்டுகளைத்தான் இங்கே அதிகம் காணலாம். முனை சிதைந்த நட்டைச் சரியான அளவுக்கு இறுக்க ஒருவராலும் முடியாது.

கழற்றிய பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பாருங்கள். காற்றுக் குழாயால் ஊதிச் சுழற்றி விளையாட வேண்டாம், றோலர் சிதறிக் கண்ணுக்கு வரும். வளையத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் ஆயுள் முடிந்துவிட்டது. நீலம் பாய்ந்திருந்தால் கிறீஸ் இல்லாமலோ அளவுக்கு மிஞ்சிய இறுக்கத்திலோ வெந்திருக்கிறது. றோலர்களின் இடைவெளியிலேயே வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தால் பாரத்தோடு குழியில் குத்தியிருக்கிறது. ஏணிப்படிபோல நெருக்கமான கோடுகள் தெரிந்தால், பாரம் ஏற்றும் பின்தட்டுக்கு வெல்டிங் செய்தபோது ஏர்த் கிளம்பைத் தூரத்தில் மாட்டி, மின்சாரத்தைப் பெயாரிங் வழியாக ஓடவிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஏர்த்தை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினால் இந்தச் சேதம் வராது.

எங்கள் பக்கத்தில் அதிகம் காண்பது செம்பழுப்புத் துருதான். ஓடிச் சூடேறிய ஹப், மாரிவெள்ளத்தில் சட்டென்று இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த இழுப்பில், கிறீஸ் வெளியேறாமலும் தண்ணீர் புகாமலும் காக்கும் றப்பர் வளையமான ‘சீல்’ என்பதைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும். பண்ணைப் பாலத்திலும் காரைநகர்ப் பாதையிலும் காற்றோடு வரும் உப்பும், வள்ளம் இறக்கக் கடலுக்குள் பின்சில்லை விடுவதும், மீன்பெட்டியிலிருந்து வடியும் உப்புத்தண்ணீரும் அதே வேலையைச் செய்கின்றன. தொலைந்த மூடிக்குப் பதிலாகப் பொலித்தீன் கட்டி ஓடும் வண்டிகளைப் பற்றி என்ன சொல்வது!

உதிரிப்பாகக் கடையில் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் வளையத்தில் பொறித்த இலக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். 30206 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வரும் 30 மில்லிமீற்றர்தான் உள்விட்டம். அங்குல வகைகளில் உள்வளையத்துக்கு ஓரிலக்கம், வெளிவளையத்துக்கு இன்னோர் இலக்கம்: எல்எம் 67048 உள்ளது என்றால் எல்எம் 67010 வெளியது. இரண்டையும் சோடியாகவே மாற்ற வேண்டும். தேய்ந்த வெளிவளையத்தில் புது றோலரை ஓடவிட்டால் அதுவும் விரைவில் கெடும். சீலும் புதிதாக இருக்கட்டும். பெயர்பெற்ற யப்பான் பெட்டிகளுக்குள் போலி வருகிறது. எழுத்து மங்கலாக, விலை பாதியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய வெளிவளையத்தைப் பித்தளைக் கம்பியால் மாறி மாறித் தட்டி எடுக்கலாம். புதியதை ஏற்றப் பழைய வளையத்தையே வெளிப்புறம் சற்றுத் தேய்த்துத் தாங்கியாக வைத்து அடியுங்கள். அடி ஒலி கனத்ததும் அது அடியில் இருந்துவிட்டது என்று அறியலாம். லிதியம் கொம்பிளெக்ஸ், இரண்டாம் இலக்கக் கிறீஸே பொருத்தம். சாதாரண சேசிஸ் கிறீஸ் பிறேக் சூட்டுக்குத் தாங்காது. உள்ளங்கையில் கிறீஸை வைத்து, றோலர்களுக்கிடையே மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அழுத்தி ஏற்ற வேண்டும். ஹப்பின் குழியில் மூன்றிலொரு பங்கு போதும். நிரப்பினால் கடைந்து சூடாகிச் சீலைத் தள்ளும். 500 கிராம் டின் ஒன்று இரு முன்சில்லுக்கும் தாராளம்.

இறுக்கும் முறை வண்டிக்கு வண்டி வேறு. நட்டு கழராமல் துளையில் செருகும் ஸ்பிளிற் பின் உள்ள இரண்டு சில்லு ஓட்ட வண்டிகளில் ஹப்பைச் சுற்றிக்கொண்டே 30 நியூட்டன் மீற்றர் (இறுக்கத்தைக் காட்டும் டோர்க் ஸ்பனரின் அளவு) வரை இறுக்கி, தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கிப் பின்னைப் போடுவது வழக்கம். துளை நேராக வராவிட்டால் பின்னோக்கித் திருப்புங்கள், முன்னோக்கி வேண்டாம். 54 நட் உள்ள ஹைலக்ஸில் 59 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, இருபுறமும் சுற்றி, தளர்த்தி, மீண்டும் மெல்ல இறுக்க வேண்டும். பிறகு மீன் சந்தைக் கொக்கித் தராசைச் சில்லு போல்ற்றில் மாட்டி இழுத்தால் 2.8 முதல் 5.6 கிலோவுக்குள் ஹப் அசையத் தொடங்க வேண்டும். அதன்மேல் பூட்டு வாஷர், வெளி நட்டுக்கு 47 நியூட்டன் மீற்றர். 100 கிலோமீற்றர் ஓடியபின் இன்னொரு தடவை ஆட்டிப் பாருங்கள்.

பின்சில்லு வேறு கதை. பல வண்டிகளில் அது அக்சிலில் அழுத்தி ஏற்றிய பெயாரிங். ஹைட்ரோலிக் பிரெஸ் இல்லாத இடத்தில் அதைத் தொடவே விடாதீர்கள். கழற்றிய பிடிவளையம் திரும்பப் போடக்கூடியதல்ல. பின் டிரம்மில் எண்ணெய்க் கசிவு கண்டால் பெயாரிங்கையும் சேர்த்தே பாருங்கள்.

வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள், அதில் சில்லை ஆட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே மாரி ஓய்ந்து தை பிறந்ததும் முன்சில்லு இரண்டையும் திறந்து பார்ப்பதை உரிமையாளரே வழக்கமாக்க வேண்டும். கராஜில் விடுபவர்கள் கழற்றிய சாமான்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். முன்சில்லு இரண்டும் மாற்றியதாகப் பில் போட்டால் பழைய பெயாரிங் நான்கு, வெளிவளையம் நான்கு, சீல் இரண்டு உங்கள் கைக்கு வர வேண்டும்.

வாகனத் திருத்துநர்,
கோண்டாவில்.