தார் எஸ் சலாம் போகிறவனுக்கு

அன்புள்ள முரளி,

நீ தான்சானியாவின் தார் எஸ் சலாமுக்குப் போகிற சேதியை லதா சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? இதற்கு நேரில் வைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம்.

மாணவர்களோடு வடிகால் அளக்கிற வேலையாமே. கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் இதில் கைதேர்ந்தவர்கள். 2011இல் அந்த ஊரின் தண்டாலே பகுதியை வரைபடமாக வரைந்தார்கள். 2015 முதல் ரமணி ஹுரியா என்ற வரைபடத் திட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்களும் உள்ளூர்க்காரர்களும் தெருத்தெருவாக நடந்து, வெள்ளம் சூழும் வார்டுகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் ஏற்றினார்கள். அதனால் பாலபாடம் எடுக்காதே. அளவு எங்கே கெடும் என்பதில் மட்டும் கண் வை.

முதலில் ஆழம். படிவத்தில் அதற்கு ஒரே கட்டம் வைத்தால் மொத்த உழைப்பும் வீண். விளிம்பிலிருந்து சேற்றின் மேல்மட்டம் வரை ஓர் அளவு. இரும்புக் கம்பியைக் குத்தி, அடித்தளம் தட்டும் வரை இன்னோர் அளவு. 60 செ.மீ. அகலம், 80 செ.மீ. ஆழமுள்ள வடிகாலில் 40 செ.மீ. சேறு என்று வை. பாதி அடைத்தாலும் பாதித் தண்ணீராவது போகும் என்றுதான் தோன்றும். வடிகாலில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் போட்டுப் பார், 43 சதவீதம்தான் வரும். குறுக்குப் பரப்பு பாதியாகிறது. ஆனால் தண்ணீர் உரசிப் போகும் சுவரும் தரையும் 2.2 மீட்டரிலிருந்து 1.4 மீட்டருக்குத்தான் குறைகின்றன. இதுவும் சேறு சிமெண்டு மாதிரி வழவழப்பாக இருக்கும் என்ற கணக்கு. பாட்டிலும் துணியும் சிக்கியிருந்தால் இன்னும் மோசம். அளந்த தேதியையும் எழுதச் சொல். தூர்வாரிய மறுநாள் எடுத்த அளவை மழைக்கு முந்தைய அளவென்று நம்பிவிடக் கூடாது.

சாலைக்கு அடியில் போகிற குழாய்க்கு 'உண்டு' என்று டிக் போட்டால் போதாது. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி. இரண்டு வாயையும் பார்க்க வேண்டும். மேல்வாய் பளிச்சென்று இருக்கும், கீழ்வாய் மண்ணில் புதைந்து கிடக்கும்.

தகரக் கூரைகள் நெருங்கிய சந்துகளில் போன் இடத்தை ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டும், வரைபடத்தில் வடிகால் ஒருவர் வீட்டுக்குள் ஓடும். வடிகால் கோட்டை ட்ரோன் படத்தின் மேல் வரையுங்கள்; போன் புள்ளி அடையாளத்துக்கு மட்டும். நீர் ஓடும் திசையிலேயே வரையுங்கள். ஒரு கோடு திரும்பிவிட்டால் கணினியில் தண்ணீர் மேடேறும்.

வெள்ளம் எவ்வளவு வந்தது என்று சென்டிமீட்டரில் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. கணுக்காலா, முழங்காலா, இடுப்பா என்று கேள். பிறகு சுவரில் கறை இருந்தால் டேப்பை வைத்துப் பார். எந்த வருஷம் என்பதையும் சேர்த்துக் கேள். 2011 டிசம்பரை மறந்தவர்கள் அங்கே குறைவு.

இனி விளையாட்டுப் பேச்சில்லை. மழையில் கழிவறைக் குழியை வடிகாலுக்குத் திறந்துவிடும் வழக்கம் அங்கே உண்டு. கழிவு அள்ளும் லாரி சந்துக்குள் நுழையாது, கூலியும் கட்டுப்படியாகாது. மக்களைக் குறை சொல்லாதே. 2015 ஆகஸ்டில் அந்த ஊரில் தொடங்கிய காலரா நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. ஆகவே ரப்பர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் ஒரு பிள்ளையும் கம்பியைத் தொடக் கூடாது. யாரும் வடிகாலுக்குள் இறங்கக் கூடாது, கரையில் நின்றே அளக்க வேண்டும். கழிவுக் குழாய் திறக்கிற இடங்களை வடிகால் துண்டுக்கு எத்தனை என்று எண்ணினால் போதும். வீட்டு அடையாளம் வேண்டாம். அபராதம் வரும் என்று தெரிந்தால் அடுத்த தடவை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கொசுவுக்குத் தனிப் படிவம் போடு. சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் குலெக்ஸ் வகைக் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் டயரிலும் தண்ணீர் டிரம்மிலும் இருக்கும்.

என் பெரிய கவலை இதெல்லாம் எங்கே போய் முடியும் என்பதுதான். அளவுகள் கணினியில் தூங்கினால் அந்தத் தெருவுக்கு என்ன லாபம்? மசிகா என்கிற நீண்ட மழைக்காலம் மார்ச்சில் தொடங்கும். பிப்ரவரிக்குள் வார்டு வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, வார்டுக்குள் அடங்கும் ஒவ்வொரு ‘ம்தா’ (தெருவட்டம்) அலுவலகச் சுவரிலும் ஒட்டிவிடு. முதலில் எந்த அடைப்பை எடுப்பது என்று அந்தந்தத் தெருக்காரர்களே குறிக்கட்டும். காசு போதாவிட்டால் ஒரு வார்டைக் குறை, அச்சைக் குறைக்காதே.

படிவம் தயாரானதும் ஸ்வாஹிலியில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பு. ஆழத்துக்கு இரண்டு கட்டம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

உன்,
பாலு