நீல ஒளி நோயைக் காட்டும், அழிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு 'ஒளி சிகிச்சை' வந்துவிட்டது என்று வரும் செய்திகளில் நீல ஒளியும் லேசரும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

நீல ஒளி பரிசோதனைக்கு மட்டும்தான். ஹெக்ஸாமினோலெவுலினேட் மருந்து 100 மி.கி.யை 50 மி.லி. திரவத்தில் கரைத்து, டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, ஒரு மணி நேரம் அடக்கி வைக்கச் சொல்வார்கள். பிறகு நீல ஒளியில் பார்த்தால் புற்று உள்ள இடம் சிவப்பாக ஒளிரும். வெள்ளை ஒளியில் தப்பிவிடும் தட்டைப் புற்றும், அதாவது கட்டியாகத் துருத்தாமல் பையின் உட்சுவரில் படர்ந்திருப்பதும், அகப்படும். ஆனால் பி.சி.ஜி. என்ற, புற்றுக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தைப் பைக்குள் செலுத்தி மூன்று மாதம் ஆகாதவர்களுக்கு வெறும் அழற்சிகூடச் சிவப்பாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

அழிக்கும் ஒளி வேறு. ஒளி பட்டால் வேலை செய்யும் ஒளியுணர் மருந்து, ஒளி, திசுவிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் செல் சாகும். 1993இல் கனடா போட்டோஃபிரின் என்ற ஒளியுணர் மருந்துக்கு அனுமதி தந்தது சிறுநீர்ப்பைப் புற்றுக்குத்தான். நரம்பில் ஊசியாக ஏற்றுவதால் அது தோலிலும் தங்கும். குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. சன் கிரீம் உதவாது. அது தடுப்பது புற ஊதாக் கதிரை. இங்கே சுடுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதற்காக இருட்டறையில் முடங்குவதும் தவறு, வீட்டுக்குள் மிதமான வெளிச்சம் பட்டால்தான் தோலிலுள்ள மருந்து மெல்லச் சிதையும். இதைவிடப் பெரிய கேடு, 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி ஆழமாக இறங்கித் தசையையும் புண்ணாக்கியது. சிலருக்குப் பையே சுருங்கிப்போனது.

டொராண்டோவின் தெராலேஸ் நிறுவனம் பி.சி.ஜி.க்கு மசியாத தட்டைப் புற்றுக்கு நடத்தும் ஆய்வு இந்தப் பாடத்திலிருந்து பிறந்தது. ருத்தேனியம் என்ற உலோகம் அடங்கிய ஒளியுணர் மருந்தை ஊசியாகப் போடாமல் பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு நுண்ணுயிர் நீக்கிய நீரால் மூன்று முறை கழுவி, மறுபடி நீர் நிரப்பி, 520 நானோமீட்டர் பச்சை ஒளியைச் சதுர செ.மீ.க்கு 90 ஜூல் அளவில் பாய்ச்சுகிறார்கள். பச்சை ஒளி ஆழம் போகாது, தசை தப்பும். நீர் நிரப்புவது பை உருண்டையாக விரிவதற்காக. மடிப்பு இருந்தால் அதன் நிழலில் புற்று பிழைத்துக்கொள்ளும். ரத்தம் கசிந்தாலும் சிக்கல்தான், பச்சை ஒளியை ரத்தம் விழுங்கிவிடும். துருத்தி நிற்கும் கட்டியை முன்பே வெட்டி எடுத்திருக்க வேண்டும். தசைக்குள் இறங்கிய நோய்க்கு இது பொருந்தாது.

கட்டியை வெட்டி எடுக்கவும் லேசர் உண்டு. எனவே 'லேசர் சிகிச்சை' என்று யாராவது சொன்னால், ஒளியுணர் மருந்து எது, அலைநீளம் எவ்வளவு என்று நோயாளியின் குடும்பத்தார் கேட்கட்டும். மருந்தே இல்லை என்றால் அது வெறும் வெட்டும் கருவி.

இப்படிக்கு,
சிறுநீரியல் அறுவை மருத்துவர், திருச்சி